வலதுகரை வீடுகள்

நான் வேலை செய்த இடத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு தொலைக்காட்சி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். டோர்வலில், மொன்றியல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் பெரிய சமையற்கூடம் அது. பாத்திரம் கழுவும் பகுதியில் பதினொரு வருடம் நின்றேன். அந்தத் தொலைக்காட்சியை யாரும் கவனிப்பதில்லை. அன்று எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எங்கோ ஒரு நாட்டுச் சண்டையில் பெரிய அணை ஒன்று உடைந்திருந்தது. கூரைகளின் மேல் ஆட்கள் நின்று கையசைத்தார்கள். ஒரு கிழவனைக் கதவுப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். உடைத்தது மற்றவன்தான் என்று இரண்டு தரப்பும் சொல்வதாகத் திரையின் அடியில் பிரெஞ்சில் எழுத்து ஓடியது.

“ஷெல் பட்டு உடைஞ்சிருக்கும்” என்றார் எங்களோடு இருந்த தமிழர் ஒருவர்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “ஷெல்லுக்கு உப்பிடிப் பிளக்காது. உள்ளுக்கை வைச்சால்தான் உப்பிடி நடுவாலை போகும்” என்றேன்.

மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வேலைக்கு வந்து மூன்று கிழமை. நாற்பத்தைந்து வயதிருக்கும். சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் தள்ளுவண்டிகளை நிரப்புவது அவருடைய வேலை. வந்த முதல் நாள் சப்பாத்து மாற்றும் இடத்தை நான்தான் அவருக்குக் காட்டினேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?”

“நான் வன்னியிலை நீர்ப்பாசனத் திணைக்களத்திலை இருந்தனான். குளம் பாக்கிறதுதான் வேலை.”

“எந்தக் குளம்?”

பெயரைச் சொன்னேன். அவர் வாயில் இருந்த பாண் துண்டை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு விழுங்கினார்.

“கட்டு உடைஞ்ச குளம்.”

“ஓம்.”

“துருசுத் திறப்பு உங்களிட்டையோ இருந்தது?”

துருசு என்பது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் கதவு. அதன் திறப்பு, அதாவது சாவி, என்னிடம்தான் இருந்தது. ஓம் என்றேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கதிரையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் போனார். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி போல, ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய விமானங்களின் தட்டுகள் மலைபோல் குவிந்திருந்த நேரம். நான் ஊறவைக்கும் தொட்டியடியில் நின்றேன். இடுப்பளவு உயரமான இரும்புத் தொட்டி. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் எச்சில் சோறும் கலந்து கிடக்கும். அவர் ஒரு வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தார். அது அவர் வரவேண்டிய இடமல்ல. ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்து, இரைச்சலில் கேட்பதற்காகக் காதடைப்பைக் கழற்றினேன்.

வண்டியில் இருந்த அலுமினிய இழுப்பறையை இழுத்தெடுத்து என் வாயில் அடித்தார். பல் உடைந்த சத்தம் எனக்கு உள்ளேயிருந்து கேட்டது. கையை முகத்துக்குக் கொண்டுபோக முன் இரண்டாவது அடி தோளில் விழுந்தது. பிறகு பின்கழுத்தைப் பிடித்துத் தொட்டிக்குள் முகத்தை அமுக்கினார்.

கண்ணைத் திறந்தபடிதான் உள்ளே போனேன். சவர்க்காரத் தண்ணீர் கண்ணையும் உடைந்த பல்லின் வேரையும் ஒன்றாகச் சுட்டது. தொட்டியின் விளிம்பில் என் காறை எலும்பு அழுந்தி, பச்சைத் தடி முறிவதுபோல் மெல்ல முறிந்தது. தலைமயிரில் பிடித்து வெளியே இழுத்தார்.

“தண்ணி எப்பிடியடா? சொல்லு! தண்ணி எப்பிடி?”

மூச்சு எடுப்பதற்குள் திரும்ப அமுக்கினார். மூன்றாவது முறை நான் தண்ணீரைக் குடித்தேன். சவர்க்காரமும் ரத்தமும் யாரோ தின்று மிச்சம் விட்ட சோறும் தொண்டைக்குள் போயின. கால் இரண்டும் என்னைக் கேட்காமலே நிலத்தை உதைத்தன. இவன் யாராக இருப்பான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்தே தெரிந்துவிட்டது. வெள்ளம் போன வலதுகரை ஆள்.

எங்கள் பகுதி மேற்பார்வையாளர் ஒரு ஹெய்ட்டிப் பெண்மணி. நல்ல உடம்புக்காரி. அவதான் பின்னால் பாய்ந்து அவருடைய கழுத்தைக் கையால் வளைத்துச் சரித்தா. இருவரும் ஈர நிலத்தில் விழுந்தார்கள். விழுந்த பிறகும் அவர் காலால் என் விலாவில் உதைத்தார். நான்கு பேர் மேலே ஏறி இருந்துதான் அவரை அடக்க முடிந்தது. அடங்கிய பிறகு அவர் அழவில்லை, கத்தவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பொலிஸ்காரி வந்தா. பிரெஞ்சில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினா. அந்த ஆளைத் தெரியுமா, ஏன் அடித்தார், முன்பகை ஏதும் உண்டா. தெரியாது, தெரியாது, இல்லை என்றேன். கமரா எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது என்று சொல்லி, என் வாக்குமூலம் என ஒரு தாளை நீட்டினா. கை நோகிறது, கையெழுத்து வைக்க முடியாது என்றேன். முறிந்தது இடது பக்கம். எழுதும் கை நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் குளத்தின் பெயரால் இதற்கு முன் இரண்டு தரம் கையெழுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவது தரம் சத்தியம் செய்திருக்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

மண்ணால் கட்டிய பழைய கட்டு. ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனைக்குக் கேட்காது. இரண்டு துருசு. ஒன்று இடதுகரை வாய்க்காலுக்கு, மற்றது வலதுகரை வாய்க்காலுக்கு. எனக்குத் திணைக்களம் தந்த வீடு இடதுகரையில், கட்டிலிருந்து ஒரு மைல் கீழே இருந்தது. நானும் மனைவியும் எட்டு வயது மகளும் அங்கே இருந்தோம். நான் அங்கே வேலைக்கு வர முன்பு ஒரு புயல் வருடத்தில் வலதுகரைத் துருசுக்குக் கிட்டக் கட்டு உடைந்து, பிறகு மண் போட்டு அடைத்திருந்தார்கள். கோடையிலும் அந்த இடத்தில் ஈரம் கசியும்.

கடைசிச் சண்டையில் சனம் இடம்பெயர்ந்து வந்து இரண்டு வாய்க்கால் ஓரமும் கொட்டில் போட்டது. இடதுகரை மேட்டு நிலம். அது முதலில் நிரம்பியது. பிந்தி வந்த கடற்கரைச் சனத்துக்கு வலதுகரைப் பள்ளம்தான் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு கொட்டில்கள்.

தை மாதம். குளம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு பின்னேரம் படங்கு மூடிய உழவு இயந்திரப் பெட்டியோடு இயக்கப் பெடியள் வந்தார்கள். பங்கர் வெட்டப் போகிறோம் என்றார்கள். பொறுப்பாளருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி போட்டவன், மெல்லிய குரல்.

“அண்ணை, முந்தி உடைஞ்ச இடம் எது?”

“நான் அதுக்குப் பேந்துதான் வேலைக்கு வந்தனான் தம்பி. சரியாத் தெரியாது.”

துவக்கின் பிடியால் என் வலது காதில் அடித்தான். சாய்ந்து, கட்டின் உட்பக்கத்து அலைகரைக் கல்லில் விழுந்தேன். காதுக்குள் ஏதோ வெடித்துச் சூடாக வழிந்தது. இன்றைக்கும் அந்தக் காதால் எனக்குப் பாதிதான் கேட்கும். அவனுக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது முறை துவக்கை ஓங்கினான். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

“உதிலைதான்.”

இரண்டு நாள் வெட்டினார்கள். பங்கர் அகலமாக வெட்டப்படும். இது கிணறுபோல் ஒடுங்கி ஆழமாகப் போனது. கட்டை உடைத்து ஆமியைத் தண்ணீரால் மறிக்க வெடிமருந்து வைக்கும் குழி அது. “கீழை சனம் இருக்குது தம்பி” என்றேன். “தெரியும். சொல்லிப்போட்டுத்தான் செய்வம்” என்றான்.

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் தெற்குக் காட்டுப் பக்கமிருந்து ஆமியின் ஷெல் வரத் தொடங்கியது. முதலாவது குளத்துக்குள் விழுந்தது. மீன்கள் கட்டின் மேல் வந்து விழுந்து துடித்தன. அடுத்தது கட்டிலேயே விழுந்தது. வயர் சுருளோடு ஓடிக்கொண்டிருந்த ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் இல்லை. அவன் இருந்த இடத்தில் இருந்தபடி என்னைப் பார்த்து, “அண்ணை, என்ரை செருப்பு எங்கை?” என்று கேட்டான். கேட்டு முடியப் பின்பக்கம் சாய்ந்தான்.

பொறுப்பாளன் என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து எழுப்பினான். “அவங்கள் வந்திட்டாங்கள். இருபது நிமிசம் தாறன். சனத்தை எழுப்புங்கோ. ஓடுங்கோ!”

என் சைக்கிள் கட்டின் அடியில் நின்றது. அந்த இடத்தில் வீதி இரண்டாகப் பிரியும். நான் இடப்பக்கம் திரும்பினேன்.

வாய்க்கால் நெடுக “தண்ணி வருது, மேட்டுக்கு ஏறுங்கோ” என்று கத்திக்கொண்டு மிதித்தேன். சனம் சட்டி பானையோடு எழும்பி ஓடியது. என் வீட்டு வாசலுக்குப் போய் மகளைத் தூக்கிய நேரம் நிலம் கீழேயிருந்து மேலே உதைத்தது. ஷெல்லுக்கு அப்படி நிலம் தூக்காது. பிறகு ஒரு இரைச்சல். கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்த என் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டதும் “ஐயோ” என்று மட்டும் சொன்னா.

எங்கள் பக்கம் முழங்காலளவு தண்ணீர் வந்து நின்றது. வலப்பக்கம், தூரத்தில், மண்ணிறச் சுவரொன்று மரங்களையும் மாடுகளையும் ஓலைக் கூரைகளையும் உருட்டிக்கொண்டு போனதை மேட்டில் நின்று பார்த்தோம். ஒரு கூரையில் ஆட்கள் இருந்தார்கள். கூரை ஒரு மரத்தில் மோதித் திரும்பியபோது அதில் யாரும் இல்லை.

மூன்று நாளில் தண்ணீர் வடிந்தது. ஷெல் நிற்கவில்லை. நாங்கள் நான்கு ஆண்கள் வலதுகரைக்குப் போய்க் கிடைத்தவர்களைக் குழி வெட்டித் தாட்டோம். திரும்பி வந்தபோது சனம் என்னைச் சுற்றி வளைத்தது. வெடிக்கு முதலே நான் கட்டிலிருந்து ஓடி வந்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள். “துருசுக்காரன் திறந்துவிட்டிட்டு ஓடி வந்தவன்” என்று ஒரு கிழவி முகத்தில் மண் எறிந்தா. ஒருவன் விறகுக்கட்டையால் முதுகில் அடித்தான். என் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். திறந்ததல்ல, உடைத்தது என்று நான் சொல்லவில்லை. யார் உடைத்தது என்று அடுத்ததாகக் கேட்பார்கள்.

ஒரு கிழமையால் இயக்கத்திலிருந்து ஒருவர் தாளோடு வந்தார். ஆமியின் ஷெல் பட்டுத்தான் கட்டு உடைந்தது என்று திணைக்கள ஆள் உறுதிப்படுத்துவதாக எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தேன். அடி கிடைக்கவில்லை. ஒரு பார்வை போதுமாக இருந்தது.

சண்டை முடிந்து முள்ளுக்கம்பி முகாமில் இருந்தபோது, முகம் மூடிய தலையாட்டி ஒருவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுத்தான். ஆமி ஆறு நாள் வைத்திருந்தது. மண் நிரப்பிய குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். பெற்றோல் தோய்ந்த பொலித்தீன் பையைத் தலையில் மாட்டிக் கழுத்தில் இறுக்கினார்கள். அணையை உடைத்தது இயக்கம் என்று கையெழுத்து வை என்றார்கள். அது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு நாள் எடுத்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், இடத்தைக் காட்டியது யார் என்று கேட்பார்கள் என்ற பயம். அவர்கள் கேட்கவேயில்லை. ஒப்பத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் தந்தார்கள்.

பிறகு மொன்றியலில் அகதி விசாரணை. அந்த அணை உடைப்பில் உங்களுக்கு எந்த விதத்திலாவது பங்கு இருந்ததா என்று மேசைக்குப் பின்னால் இருந்த அம்மணி கேட்டா. சத்தியம் செய்த வாயால் இல்லை என்றேன். அந்த “இல்லை”யில்தான் நாங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸில் வீடெடுத்தோம், மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்.

இரண்டு மாதம் கழித்துக் காறை எலும்பு ஒருவாறு பொருந்தியது. என்னை அடித்தவரை வேலையால் நிறுத்திவிட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் என்னை அணுகக்கூடாது என்று கட்டளை. கூட வேலை செய்த ஒருவரிடம் அவருடைய விலாசத்தை வாங்கினேன். பியர்பொன்ட்ஸில் ஒரு பங்களாவின் நிலக்கீழ் அறை.

மனைவி மறித்தா. “உங்களுக்கு விசரோ? கிட்ட வரக்கூடாதெண்டு சட்டம் சொன்னது அந்தாளுக்கு. நீங்கள் போய் நிண்டாலும் பொலிஸ் அவரைத்தான் பிடிக்கும்.”

“ஒரு சொல்லுக் கதைச்சிட்டு வாறன்.”

“என்ன சொல்லு?”

சப்பாத்தைப் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம். பஸ் மாறி மாறி ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பனி உருகி வீதியெல்லாம் கறுத்த தண்ணீர்.

கதவைத் திறந்தவர் முதலில் எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தார்.

“பொலிஸோடையோ வந்தனீ?”

“இல்லை. தனியத்தான்.”

முறிந்த பக்கத்தில் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினார். எனக்குக் கண் இருண்டது. ஒரு மெத்தை, ஒரு சோறு சமைக்கும் மின்சாரப் பானை, ஒரு கதிரை. சுவரில் ஒன்றுமில்லை. நான் சுவரைப் பார்த்ததை அவர் கண்டுவிட்டார்.

“என்ன, படம் தேடுறியோ? ஒரு படமும் இல்லை. மனிசி, பிள்ளை, படம் எல்லாத்தையும் தண்ணி கொண்டுபோட்டுது. என்னைப் பங்கர் வெட்டக் கொண்டுபோட்டாங்கள். நாலாம் நாள் வந்தன். கொட்டில் இருந்த இடமே இல்லை.” கதிரையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். “துருசைத் திறக்க உனக்கு என்ன குடுத்தவங்கள்?”

“துருசை நான் திறக்கேல்லை. துருசைத் திறந்தால் வாய்க்கால்தான் நிரம்பும். நடந்தது அதில்லை, கட்டை உடைச்சவங்கள்.”

“ஆர்?”

“தோண்டி வைச்சது இயக்கம். ஆமி ஷெல் அடிச்சுக்கொண்டு நிண்டது. பழைய உடைப்பு எதிலை எண்டு காட்டினது நான். அடிச்சுக் கேட்டவங்கள். ரெண்டாவது அடிக்கு முதலே காட்டிப்போட்டன்.”

நான் நின்றபடியே மிச்சத்தையும் சொன்னேன். செருப்பைக் கேட்ட பெடியனை, இருபது நிமிடத்தை, சைக்கிளை.

“இருபது நிமிசம் இருந்ததோ?”

“ஓம்.”

“எங்கை போனனீ?”

“இடதுகரைக்கு. என்ரை மனிசியும் மகளும் அங்கை.”

அவர் தலையை ஆட்டினார். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பெண்சாதி பிள்ளையிடம் ஓடியதை எந்த மனிசனும் விளங்கிக்கொள்வான். ஆனால் அவர் கடற்கரை ஆள், மீன் பிடித்தவர். தண்ணீர் தெரிந்தவர்.

“நீ குளத்து ஆள். தண்ணி எந்தப் பக்கம் வரும் எண்டு உனக்கு அப்பவே தெரியுமோ?”

இயக்கத்தின் ஆள் இதைக் கேட்கவில்லை. ஆமியும் அகதி விசாரணையும் கேட்கவில்லை. யார் உடைத்தது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

“தெரியும்.”

“எந்தப் பக்கம்?”

“உங்கடை பக்கம். பழைய உடைப்பு வலப்பக்கத்திலை. பள்ளமும் அங்காலைதான்.”

வயிற்றில் விழுந்த முதல் குத்தில் மடிந்துபோனேன். முழங்காலால் முகத்தில் இடித்தார். மீதிப் பல்லும் ஆடியது. நிலத்தில் கிடந்த என்னை விலாவில், தொடையில், முதுகில் உதைத்தார். ஒவ்வொரு உதைக்கும் அவர் வாயிலிருந்து மூச்சுத்தான் வந்தது, சொல் வரவில்லை. நான் கையைக் கொடுத்துத் தடுக்கவில்லை. தடுக்கக்கூடாது என்று தீர்மானித்து வந்தவனுமல்ல. கை எழவில்லை, அவ்வளவுதான். பிறகு அவர் மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியடியிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்து என் நெஞ்சில் குந்தி, கழுத்தில் வைத்தார். தோல் கீறிச் சூடாக ஒரு கோடு இறங்கியது. மேல்வீட்டில் பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடினார்கள். கூரை தடதடவென்றது. அவர் நிமிர்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பந்து உருண்டு நிற்கும்வரை கேட்டார்.

கத்தியை எடுத்து மெத்தையில் எறிந்தார்.

“ஆரையும் தாட்டனீங்களோ?” என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. “வலதுகரையிலை.”

“ஆறு பேரை.”

“பிள்ளையள்?”

“ரெண்டு. ஒரு பொம்பிளை சேலையாலை பிள்ளையை இடுப்போடை கட்டியிருந்தா. ஊறி இறுகிப்போச்சு. அவிழ்க்க ஏலேல்லை. அப்பிடியே வைச்சுத் தாட்டனாங்கள்.”

“பெடியனோ பெட்டையோ?”

“பெடியன். நாலு வயசு இருக்கும்.”

“முன்பல்லு பாதி உடைஞ்சிருந்ததோ? விழுந்து உடைச்சவன்.”

“தெரியாது. வாய் முழுக்கச் சேறு.”

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டார். அந்த மனிசன் அப்போதுதான் அழுதார். வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மேல்வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. அது அவருடைய மனைவியும் மகனும்தான் என்று நான் சொல்லவில்லை. அல்ல என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

“இடம் தெரியுமோ?”

கடை விளம்பரத் தாளொன்றின் வெறும் பக்கத்தில் வரைந்து கொடுத்தேன். வலதுகரை வாய்க்கால், மூன்றாவது மதகு, அங்கிருந்து மருதமரம், மரத்திலிருந்து வடக்கே முப்பது காலடி. தாளில் என் ரத்தம் பட்டது. அவர் அதை நான்காக மடித்தார்.

“போ. இனி இஞ்சை வராதை.”

மனைவி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் பொலிஸுக்கு அடிக்க ஃபோனை எடுத்தா. பறித்து வைத்தேன். அன்றுதான் அவவுக்கும் முழுதாகச் சொன்னேன். இத்தனை வருடமும், உங்களைக் காப்பாற்ற ஓடி வந்தேன் என்பதோடு நிறுத்தியிருந்தேன். அவ துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து என் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டா. பாதியில் கை நின்றது.

“எங்கடை பக்கம் முழங்கால் தண்ணிதானே வந்தது?”

“ஓம்.”

“அவ்வளவுதான் வரும் எண்டு தெரியுமோ?”

“கட்டு முழுக்கக் கிழிஞ்சால் எண்டு பயம்.”

“நான் அதைக் கேக்கேல்லை.”

“ஓரளவுக்குத் தெரியும்.”

அவ துணியைக் கோப்பைக்குள் போட்டா. “அப்ப, நீங்கள் வராட்டிலும் நானும் பிள்ளையும் இருந்திருப்பம்.” எழுந்து போய் யன்னலடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றா. “எனக்காக ஓடி வந்தனான் எண்டு மட்டும் இனி ஒருதரிட்டையும் சொல்லாதையுங்கோ. என்னை அதுக்குள்ளை இழுக்காதையுங்கோ.”

ஒன்பது நாள் அவ என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் பால் முடிந்துவிட்டது, தெப்பனேரில் வாங்கி வாருங்கள் என்றா. மூலைக்கடைக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. வாங்கி வந்தேன். அதன் பிறகு பழையபடி கதைக்கிறா. ஆனால் யாராவது விருந்தாளி ஊர்க்கதை எடுத்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவா.

வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பொலிஸ்காரி எனக்கு மூன்று தரம் ஃபோன் எடுத்தா. எனக்கு நேர்ந்த பாதிப்பை நீதிபதிக்கு எழுதித் தரலாம் என்றா. எழுத ஒன்றுமில்லை என்றேன். பியர்பொன்ட்ஸில் நடந்தது எனக்கும் அவருக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். சிறை இல்லாமல் நன்னடத்தையில் விட்டார்கள். நான் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. தொட்டிக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

கட்டளைக் காலம் முடிந்து சில மாதத்துக்குப் பிறகு, ஒரு பின்னேரம் மெட்ரோ மேடையில் அவரைக் கண்டேன். அவர்தான் நடந்து வந்தார். நான் சுவரோடு ஒதுங்கினேன். உடம்பு தானாகச் சுருங்கியது. ஒரு கை எட்டாத தூரத்தில் அவர் நின்றுகொண்டார்.

“குளத்தடிக்குப் போட்டு வந்தனான்” என்றார்.

“மதகைக் கண்டனீங்களோ?”

“எல்லாம் புது மதகு. மூண்டாவது எது எண்டு ஒருதருக்கும் தெரியேல்லை. மருதமரமும் இல்லை. வயலாக்கிப்போட்டாங்கள். வரம்பிலை நிண்டு கும்பிட்டிட்டு வந்திட்டன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கட்டைப் பெரிசாக் கட்டியிருக்கிறாங்கள். நடுவிலை ஒரு கல்லு. மூண்டு பாஷையிலை எழுதியிருக்கு. பயங்கரவாதியள் உடைச்சது, நாங்கள் கட்டினது எண்டு. அதிலை ஆரோ தமிழை மட்டும் ஆணியாலை சுரண்டி அழிச்சிருக்கிறாங்கள்.”

“செத்த சனத்தைப் பற்றி?”

“ஒரு சொல்லும் இல்லை. எழுதினவங்களும் எழுதேல்லை. சுரண்டினவங்களும் எழுதேல்லை.”

ரயில் வந்தது. அவர் ஏறினார். நான் ஏறவில்லை. கதவு மூடும் சத்தம் கேட்டபோது உள்ளேயிருந்து, என்னைப் பார்க்காமல், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

“நெல்லு நல்லா விளைஞ்சிருக்குது.”